கொட்டகையில் துடித்த முள்

முதலில் கேட்டது சத்தம்தான், அதுவும் போனில். பூங்கோதை நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, "அண்ணா, இதக் கொஞ்சம் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எதன் பக்கத்திலோ கொண்டுபோய்ப் பிடித்தாள். பட்டறையில் தண்ணி லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அத்தப்பன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் கேட்டான். டிக். டிக். டிக். யாரோ விரல் நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல, அவசரமும் இல்லாமல் அலுப்பும் இல்லாமல், தட்டிக்கொண்டே இருக்கிற சத்தம்.

"என்னது, வண்டா?"

"வண்டுன்னா நானே அடிச்சுப் போட்டிருக்க மாட்டனா? நீ வா."

அவன் போனபோது கொட்டகையில் அவள் புருஷனுடைய பழைய புல்லட் ஸ்டாண்டு போட்டு நின்றது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது, பெட்ரோல் குழாய் மூடியிருந்தது, எஞ்சினைத் தொட்டுப் பார்த்தால் கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. ஆனால் இரண்டு நாளைக்கு முன் அத்தப்பன் தன் கையால் பொருத்திய ஆயில் கேஜின் முள் மட்டும் கொஞ்சம் எழும்புவதும், பூஜ்யத்தில் இருக்கிற குச்சியின் மேல் விழுந்து டிக் என்று தட்டுவதும், மறுபடி எழும்புவதுமாக இருந்தது.

கல்லங்காட்டுப்பாளையம் போர்வெல் போடுகிறவர்களின் ஊர். வீட்டுக்கு ஓர் ஆணாவது ரிக் லாரியில் ஏறி சத்தீஸ்கருக்கோ ஒடிசாவுக்கோ ராஜஸ்தானுக்கோ போய், பாஷை தெரியாத மனிதர்களின் நிலத்தில் எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று துளை போட்டு, அவர்கள் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்து அவர்கள் கும்பிடுவதைப் பார்த்துவிட்டு, தை நோம்பிக்கோ பங்குனி நோம்பிக்கோ ஊர் திரும்பி, டேங்கர் லாரித் தண்ணீரில் குளிக்கிறவனாக இருந்தான். ஏனென்றால் இந்த ஊரில் மட்டும் ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழும் வெள்ளைப் புழுதிதான் வந்தது. முதன்முதலாக ரிக் வாங்கின தலைமுறை பவுசுக்கு வாங்கிப்போட்ட வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகள் இன்னும் பல வீடுகளில் நின்றன. வீட்டு ஆண் வெளிமாநிலம் போகும்போது வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டுப் போவான். அவன் திரும்பி வரும்வரை வேறு எவனும் அதை உதைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. வெள்ளிக்கிழமை பெண்டாட்டி தூசி தட்டலாம், அவ்வளவுதான். இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது, மீறினவர்களும் இல்லை.

பூங்கோதையின் புருஷன் செங்கோட்டுவேலுவின் வண்டி அறுபத்திரண்டாம் வருஷத்தது. கிளம்புகிற அன்று காலையில்தான் அவன் மச்சானிடம் வந்து நின்றான்.

"தலைப்பக்கம் ராக்கர்ல ஒரு சத்தம் வருது மச்சான். மேல ஆயில் ஏறுதா இல்லையான்னு ரோசனையாவே இருக்குது. ஒரு கேஜ் போட்டு உடு. முள்ளு ஏறுறத ஒருக்காக் கண்ணுல பாத்துட்டன்னா அங்க போயி எனக்குத் தூக்கம் வரும்."

"இன்னிக்கா? லாரி எத்தன மணிக்கு?"

"பதினோரு மணிக்கு. நீ நெனச்சா ஒரு மணி நேரத்து வேல."

அத்தப்பன் ஒரு மணி நேரத்தில்தான் செய்தான். உடைந்த கம்ப்ரசரிலிருந்து கழற்றி வைத்திருந்த பித்தளை கேஜ், முக்கால்வாசி எண்கள் அழிந்து நாற்பதுவரைக்கும் மட்டும் படிக்க முடிந்தது. எஞ்சினின் தலைக்கு எண்ணெய் ஏறுகிற குழாயின் போல்ட்டிலிருந்து ஒரு கிளை. அந்தக் கிளையிலிருந்து செம்புக் குழாய், வண்டி அதிர்வில் விண்டுவிடாமல் நடுவில் இரண்டு சுற்று சுருட்டி விட்டது. எல்லாம் ஒழுங்கு. ஒன்றைத் தவிர. அந்த போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாசர் வேண்டும். ஒருதரம் நெரிபட்ட செம்பு இறுகிப்போயிருக்கும். அதைத் தீயில் சிவக்க வாட்டித் தண்ணீரில் போட்டால்தான் மறுபடி இளகி, வெண்ணெய் மாதிரி உட்காரும். அத்தப்பனின் பட்டறையில் பழைய செம்பு வாசர்கள் ஒரு கம்பியில் மாலையாகக் கோத்துத் தொங்கின. வாட்டுவதற்கு அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்தில் ரோட்டில் ரிக் லாரி மூன்றாம்முறை ஹாரன் அடித்தது. அவன் அடுப்பை விட்டுவிட்டு, இரண்டு வாசர்களை அப்படியே உருவிப் போட்டு, எப்போதும் விடுவதைவிட அரைச்சுற்று கூடுதலாக முடுக்கினான். வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். வண்டியை உதைத்ததும் முள் ஏறியது. செங்கோட்டுவேலு பிள்ளை பிறந்த செய்தி கேட்டவன்போலச் சிரித்து, வண்டியை அணைத்து, லாரியைப் பிடிக்க ஓடினான்.

இப்போது அதே முள் தானாகத் துடிக்கிறது. அத்தப்பன் அதைப் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளைக்குப் போன் போட்டான்.

"என்ன மாப்ள பண்ற?"

"ரிக்கு மாஸ்ட்டுக் கம்பத்து மேல ஏறிட்டிருக்கறன் மச்சான். மூச்சு வாங்குது. அப்பறம் பேசட்டுமா?"

முள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எறங்கு. எறங்கி உக்காந்து ஒரு டீயக் குடி. போன வெக்காத."

அவன் இறங்கினான், எதற்கென்று தெரியாமலே உட்கார்ந்தான், டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கொட்டகையில் முள் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. பூங்கோதை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவிய நெஞ்சுதான் இது" என்றாள். உள்ளே போய் ஒரு முக்காலியும் முறத்தில் கடலைக்காயும் எடுத்துவந்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள், புருஷன் வீட்டில் இருக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பாளே, அந்த மாதிரி.

ஊர் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து மாதம் கண்ணில் படாத மனிதனுக்கு இப்படியொரு வழி இத்தனை நாள் இல்லாமல் இருந்ததுதான் அதிசயம் என்பதுபோல, மறுநாள் காலையிலேயே பட்டறை வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். ராசாக்கவுண்டர் வீதி ரத்தினா முதல் ஆள்.

"மேஸ்திரி, எங்கூட்டு வண்டிக்கும் போட்டு உடுங்க. பூங்கோதை வண்டிக்கு எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி. ஒண்ணும் மாத்தப்படாது."

"அதுல ஒரு வேலை பாக்கி இருக்குதுங்க அம்மணி. வாசரு..."

"பாக்கி இருந்தா பாக்கியோடவே போடுங்க. அப்படிப் போட்டதுக்குத்தானே துடிக்குது? நீங்க பாட்டுக்குத் திருத்தப் போயி எங்கூட்டுது துடிக்காமப் போச்சுன்னா?"

அத்தப்பனுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. எது அதைத் துடிக்க வைக்கிறது என்று தெரியாதவன் எதை மாற்றுவான்? அவன் வாசரை வாட்டவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய் விட்டுவிடுவதைக்கூட ஒவ்வொருமுறையும் முதல்முறை செய்தது போலவே செய்தான். கம்பியிலிருந்து இரண்டு வாசர்களை உருவினான், அரைச்சுற்று கூடுதலாக முடுக்கினான். எல்லா வண்டியிலும் முள் துடித்தது. அந்த மாசிக்குள் பதினான்கு வண்டி. புது மாடல் வண்டிகளில் போட்டுப் பார்த்தார்கள், துடிக்கவில்லை. வெளியூரிலிருந்து பழைய புல்லட்டை விலைக்கு வாங்கிவந்து போட்டுப் பார்த்தார்கள், அதுவும் துடிக்கவில்லை. வெளியே போயிருக்கிற ஆள் ஒரு மழைக்காலமாவது நனைந்துகொண்டு ஓட்டின வண்டியாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் அது சாப்பாடு மாதிரி, தண்ணி லாரி வருகிற நேரம் மாதிரி ஆகிப்போனது. ரத்தினா தெருவுக்கே கேட்கும்படி போனில் கத்துவாள்.

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு எதுக்கு முள்ளு அந்தத் துடி துடிச்சுது? யாரப் பாத்தீங்க?"

"பாம்பு புள்ள, கேசிங் பைப்புக்குள்ள பாம்பு!"

"பாம்புக்கு என்ன பேருங்க?"

சாமியாத்தாளுக்கும் அவள் மருமகளுக்கும் வண்டி யார் பக்கத்தில் நிற்பது என்று சண்டை மூண்டு, வண்டியை நகர்த்தக் கூடாது என்பதால் கடைசியில் நடுச்சுவரில் ஒரு ஜன்னலை உடைத்து, இந்தப் பக்கம் தாயும் அந்தப் பக்கம் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்வதென்று முடிவானது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா கைக்கடிகாரத்தோடு வீதிவீதியாக வந்து எண்ணிப் பார்த்து, நாலு பேருடைய புருஷன்மாரை அங்கேயே டாக்டரிடம் போகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கேஜ் கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். யாராவது ஊர் திரும்பினால், அவன் வந்த பஸ் ஏரிக்கரைப் பாலத்தைத் தாண்டின அந்த நிமிஷமே அவன் வீட்டு முள் பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். ஆளே வந்துவிட்ட பிறகு முள்ளுக்கு என்ன வேலை? முள் படுத்ததும் பெண்கள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள்.

இப்படியே போயிருக்கலாம். நாச்சிமுத்து ஆயில் மாற்றினார்.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும் என்று நாற்பது வருஷமாகப் பழகினவர், மகன் மாரப்பனின் வண்டி துடித்துக்கொண்டே இருக்கிறதே, அழுக்கு ஆயிலில் எவ்வளவு நாள் துடிக்கும் என்று இரக்கப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடியில் தட்டத்தை வைத்துப் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் வடிந்தது. முள் விழுந்து படுத்தது. அவர் துணியால் துடைத்து, போல்ட்டைப் போட்டு, உயர்ந்த ரகப் புது ஆயிலாகப் பார்த்து ஊற்றிவிட்டு, முள் எழும்பட்டும் என்று காத்திருந்தார். அங்கே ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு வெண்டைக்காய்த் தோட்டத்தில் மாரப்பன், பைப்பைப் பிடித்திருந்தவர்களிடம் "செத்த இருங்க, தண்ணி குடிச்சுட்டு வர்றன்" என்று சொல்லிவிட்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்திமூன்று வயது.

நாச்சிமுத்து கருமாதி முடிகிறவரைக்கும் அந்தப் பழைய ஆயில் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யார் வாங்கப் போனாலும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர் மாறிப்போனது. புல்லட் நிற்கிற வீதிகளில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, மேளம் வைப்பதில்லை, உலக்கை போடுவதில்லை. குழந்தைகளைக் கொட்டகைப் பக்கம் விடுவதில்லை. தூசி தட்டுவதற்குக்கூட மயிலிறகைத்தான் எடுத்தார்கள். அங்கே வடக்கே இருக்கிற ஆண்களுக்கும் சேதி போயிருந்தது, அவர்கள் நிறைகுடம் தூக்கினவர்களைப் போல மெல்ல நடந்தார்கள், மல்லாந்தே படுத்தார்கள், போனில் பெண்டாட்டியிடம் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன்னால் "அங்க ஒண்ணும் ஒழுகலையே?" என்று கேட்டார்கள். கேஜைக் கழற்றிவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கழற்றுவதற்கும் அந்த போல்ட்டைத்தான் திறக்க வேண்டும். அத்தப்பனைக் கண்டால் முன்போல "வாங்க மேஸ்திரி" என்று முக்காலி போடுகிறவர்கள் இல்லை; ஸ்பேனர் பெட்டியோடு அந்த வீதிக்குள் வரவேண்டாம் என்று ரேஷன் கடை முக்கிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு உள்ளே விட்டார்கள். அவனும் வெறுங்கையோடு போய்த் தங்கை வீட்டில் சாப்பிட்டு வந்தான்.

அப்படி ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வெளியே வந்தபோதுதான் அதைப் பார்த்தான். எஞ்சினுக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், எட்டணாக் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். குனிந்து தொட்டான். ஆயில். அண்ணாந்து பார்த்தால் போல்ட்டின் கீழ்ப்பக்க வாசரின் ஓரத்தில் ஒரு துளி ஊறி, முள் எழும்பும்போதெல்லாம் மினுங்கிப் பெருத்துக்கொண்டிருந்தது. இறுகின செம்பு. அரைச்சுற்றுக் கூடுதல். முடுக்கினால் விண்டுவிடும், தளர்த்தினால் கொட்டிவிடும். அவன் தோள் துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தான். துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வர்றன் அம்மணி" என்று போய்விட்டான்.

மறுநாளும் துடைத்தான். அடுத்த நாள் வட்டம் உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது, அதையும் துடைத்தான். படுத்தால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கம்பியில் தொங்குகிற வாசர்கள்தான் தெரிந்தன. நான்காம் நாள் அவன் போனபோது எஞ்சினுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைக்கப்பட்டிருந்தது.

"நான் மூணு நாளைக்கு முன்னாடியே பாத்துட்டன்" என்றாள் பூங்கோதை. "நீ துடைச்சுட்டுப் போறதையும் பாத்தன். சொல்லுவீன்னு இருந்தன்."

அவன் சொன்னான். லாரி ஹாரன் அடித்தது, அடுப்பைப் பற்றவைக்காதது, பழைய வாசரை அப்படியே போட்டது, எல்லாவற்றையும் வண்டியைப் பார்த்தபடி சொன்னான். கிண்ணத்தில் ஒரு துளி விழுந்தது.

"தப்புப் பண்ணிட்டன் அம்மணி. மாப்ளய நானே..."

"நீ இன்னும் ஒண்ணும் கொன்னு போடல. அந்தப் பேச்ச உடு. தொறந்து வேற வாசரு போட எவ்வளவு நேரமாகும்?"

"வெசையாப் பண்ணுனா நாலு மூச்சு நேரம். ஆனா ஆயில் மறுபடி மேல ஏறோணும். நாச்சிமுத்து வூட்டுது ஏறல."

"அப்பத் தொடாத. அவியள வரச் சொல்றன். பாலத்தத் தாண்டிட்டா அப்பறம் நீ எத வேணா கழட்டு."

செங்கோட்டுவேலு போனை எடுத்ததும் எண்ணூறு அடியில் துளை போடுகிற பிட்டு மாட்டிக் கிடக்கிறது, முதலாளி விடமாட்டார் என்றான். பிட்டு கிடந்து துருப்பிடிக்கட்டும் என்றாள் அவள். பிறகு அத்தப்பன் வாங்கி விஷயத்தைச் சொன்னான்.

"ஏன் மச்சான், சீர்ல நான் ஏதாச்சும் கொறை சொன்னனா? ஒரு வாசர வெச்சுல்ல வஞ்சம் தீத்துட்ட!" என்று செங்கோட்டுவேலு வெடித்துச் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க முள் எகிறியது, கிண்ணத்தில் மடமடவென்று நாலு துளி விழுந்தது.

"சிரிக்காத மாப்ள! உன்னைக் கும்புடறன், சிரிக்காத!"

அவன் அன்றைக்கே ரயில் ஏறினான். விஜயவாடாவில் மாறி, சேலத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். மறுநாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் துளி அதற்குள் கயிறாகியிருந்தது. கிண்ணத்தில் சேர்ந்ததை வடிகட்டி மேலே ஊற்றினார்கள். ஊற்றுவதில் பாதிதான் கிண்ணத்துக்குத் திரும்பியது, மீதி எங்கே போனதென்று தெரியவில்லை. சேதி கேட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக அவரவர் வீட்டில் இருந்த ஆயிலைப் பாட்டிலிலும் சொம்பிலும் கொண்டுவந்தார்கள், ரத்தினா முழு டப்பாவே கொண்டுவந்தாள். முள்ளின் எழுச்சி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அத்தப்பன் வண்டியின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, தன் கட்டைவிரலை அந்த வாசரின் ஓரத்தில் வைத்து அழுத்தினான். ஒழுக்கு நின்றது. முள் நிமிர்ந்தது.

அவன் விரலை எடுக்கவில்லை. இரவு போய்ப் பொழுது விடிந்தது, வெயில் கொட்டகைக்குள் வந்து வெளியே போனது, பூங்கோதை அவனுக்குப் பிசைந்து ஊட்டினாள். விரலுக்கடியில் மாப்பிள்ளையின் நெஞ்சு அடிப்பது சூடாகத் தெரிந்தது. ரயிலில் அசந்து தூங்கும்போது அது நிதானமாக இருந்தது. விஜயவாடாவில் மூட்டையோடு படியேறும்போது படபடத்தது. ஏதோவொரு ஸ்டேஷனில் யாருடனோ சீட்டுக்காகச் சண்டை போட்டான் போல, விரலே அதிர்ந்தது. கூடப் பிறந்தவளைக் கட்டிக்கொடுத்துப் பதினொரு வருஷத்தில் அந்த மனிதனை இவ்வளவு பக்கத்தில் அவன் அறிந்ததில்லை. இவன் எதற்குப் பயப்படுவான், எதற்குச் சட்டென்று அடங்குவான் என்றெல்லாம் தெரிந்துகொண்டிருந்தான், தெரிந்துகொள்ளத் தனக்கு உரிமை உண்டா என்று கூச்சமாகவும் இருந்தது. இரண்டு மணிக்கு சேலத்திலிருந்து ஒரு போன் வந்தது: "பஸ் ஏறிட்டன், சார்ஜு இல்ல." அதோடு போன் அணைந்துவிட்டது.

நாலு மணிக்குப் பூங்கோதை கிரைண்டரில் மாவுக்குப் போட்டாள். வருகிறவனுக்கு ராத்திரிக்கு அடை என்று சொல்லிக்கொண்டாள். அரைத்துக்கொண்டிருக்கும்போது, நாலு இருபதுக்கோ நாலரைக்கோ, முள் படுத்தது.

படிப்படியாகக் குறையவில்லை. ஒருதரம் எழுந்தது, விழுந்தது, பிறகு எழவே இல்லை. அத்தப்பனின் கட்டைவிரலுக்கடியில் வெறும் செம்பு இருந்தது.

பூங்கோதை கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். கொட்டகையில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி "பாலத்தத் தாண்டியிருப்பாரு" என்றாள். ஆமாம், தாண்டியிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். மாரப்பன் வீட்டு முள்ளும் இப்படித்தான் படுத்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டுக்கும் முள் ஒரே மாதிரிதான் படுக்கும் என்று அதுவரைக்கும் யாருக்கும் தோன்றியதில்லை. பாலத்திலிருந்து பஸ் ஸ்டாப் ரெண்டு நிமிஷம், ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிஷ நடை. பத்து நிமிஷம் ஆயிற்று. போன் போட்டார்கள், அணைந்தே இருந்தது. கால்மணி ஆயிற்று. ரத்தினா வாசல்வரை போய், ஆளில்லாத வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பூங்கோதை முகம் கழுவவில்லை, பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. மாவு ஒட்டின கையை அப்படியே விரித்துப் பிடித்தபடி நின்றாள். "அண்ணா, விரல எடுக்காத" என்றாள். "எடுக்கல அம்மணி" என்றான். எதை அழுத்திக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமலே அழுத்தினான். மேலே கூரைத் தகரம் வெயில் தணிந்து படீரென்று ஒருதரம் சத்தம் போட்டது, எல்லோரும் அலறிவிட்டார்கள். அரைமணி ஆயிற்று.

"என்ன ஒட்டுக்கா இங்க கூட்டம்? வூட்டுல ஏதாச்சும் விசேசமா?"

செங்கோட்டுவேலு பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். புழுதியும் தாடியுமாக, இளைத்து, பற்களெல்லாம் தெரிய.

"பாலத்தத் தாண்டினதும் என்னமோ மேலெல்லாம் லேசாப் போச்சு" என்றான். "பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிச் செத்த நேரம் அங்கயே கல்லுமேல உக்காந்துட்டன். காத்து நல்லா இருந்துது."

பூங்கோதை அவனை மாவுக் கையாலேயே முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், சட்டையில் அஞ்சு விரலும் பதிந்தது. பெண்கள் சிரித்தார்கள், சாமியாத்தாள் மட்டும் மூக்கைச் சிந்தினாள். அத்தப்பன் விரலை எடுத்தான். அது அவனுடையது போல இல்லை, கறுத்து, போல்ட்டின் விளிம்பு பதிந்து, மடக்க வராமல் நீட்டிக்கொண்டு நின்றது. ஆயில் அவன் முழங்கைவழியாக ஒழுகித் தரையில் கொட்டியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. செங்கோட்டுவேலு அதைக் குனிந்து பார்த்து, "இவ்வளவுதானா நானு?" என்று சிரித்தான். இப்போது அவன் சிரிக்கலாம்.

ரத்தினா சிரிக்கவில்லை. அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து அந்த வாசரை உற்றுப் பார்த்தாள்.

"மேஸ்திரி, எங்கூட்டு வண்டிக்கும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

அத்தப்பன் அவளைப் பார்த்தான். ஒண்ணும் மாத்தப்படாது என்று பட்டறை வாசலில் நின்று சொன்ன குரலை அவளும் அந்த நேரத்தில் கேட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "அடுத்த நோம்பிக்கு இன்னும் எத்தன நாளு?" என்று பின்னாலிருந்து யாரோ மெல்லக் கேட்டார்கள். ஒருத்தி கிளம்பினாள், பின்னாலேயே இன்னொருத்தி. ஓடவில்லை, ஓடினால் வீதி அதிரும் என்பதுபோல, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் சத்தம் கேட்காமல், மீதமிருந்த பன்னிரண்டு கொட்டகைகளுக்கும் பிரிந்து போனார்கள், தரையைக் குனிந்து பார்க்க. அத்தப்பன் கொட்டகை வாசலில் நின்று, எந்தப் பக்கமிருந்து முதல் குரல் வரும் என்று வீதியின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கோட்டுவேலு குளிக்கப் போனான். பூங்கோதை உள்ளே போய், ஓரத்தில் காயத் தொடங்கியிருந்த மாவை விரலால் வழித்து உள்ளே தள்ளி, ஒரு கை தண்ணீர் தெளித்து, கிரைண்டரை மறுபடி ஓடவிட்டாள்.